ரவுட்டர் பெட்டிக்கு இரண்டு சாவி



ரவுட்டர் என்னும் சிறு பெட்டி நம் கடைகளில் குடிபுகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜி.எஸ்.டி. பில், ஈ-வே பில், வங்கிக் கணக்கு, கண்காணிப்புக் கேமரா, சரக்கு அனுப்பும் மில்காரருடன் வாட்ஸ்அப் பேச்சு என்று எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. ஆனால் கல்லாப்பெட்டிக்குத் தரும் மரியாதையில் பத்தில் ஒரு பங்குகூட நாம் அதற்குத் தருவதில்லை. லைன் போட வந்த தம்பி எங்கே ஆணி அடித்தாரோ அங்கேயே தொங்குகிறது. அவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டுதான் இன்றைக்கும் இருக்கிறது. நெட் வேகம் குறைந்தால் ஒருமுறை அணைத்துப் போடுவது ஒன்றே நாம் அதற்குச் செய்யும் பராமரிப்பு.

அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டு என்பதை நம்மவர்களில் பலர் அறியவில்லை. வைஃபையில் சேர்வதற்குக் கேட்கும் பாஸ்வேர்டு முதல் சாவி. இது கடைப் பையன் வரை எல்லோருக்கும் தெரியும். பெட்டியின் உள்ளே போய் அதன் அமைப்புகளை மாற்றக் கேட்கும் பாஸ்வேர்டு இரண்டாவது சாவி. இதை அட்மின் பாஸ்வேர்டு என்பார்கள். முதல் சாவி வைத்திருப்பவர் கடைக்குள் வரலாம். இரண்டாவது சாவி வைத்திருப்பவர் பூட்டையே மாற்றலாம், பின்பக்கம் புதிதாக ஒரு கதவும் வைக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியே ஆபத்து உண்டு, இரண்டும் நம் நாட்டிலேயே நடந்து காட்டியவை. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சாவி

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு மிரட்டல் ஈ-மெயில் ஒன்று வந்தது. அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று போலீசார் தேடிப் போனபோது நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றார்கள். அவருடைய கம்ப்யூட்டர்களை எடுத்துச் சென்றார்கள், பலமுறை விசாரித்தார்கள். அவர் வீட்டு வைஃபை பூட்டப்படாமல் இருந்ததும், குற்றவாளிகள் வெளியிலிருந்து அதைப் பயன்படுத்திக்கொண்டதும் பின்னால் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டு வெடித்தபோது வந்த மெயில், மும்பை செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் பூட்டாத வைஃபையிலிருந்து போயிருந்தது. 2009 ஜனவரியில் மும்பை போலீசார் தெருத் தெருவாகப் போய்த் திறந்து கிடக்கும் வைஃபைகளைக் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுக்கப்போவதாக அறிவிக்க வேண்டி வந்தது.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் முதலில் போலீஸ் வரும் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. 'நான் செய்யவில்லை' என்று பிறகு நிரூபித்துவிடலாம். அதற்குள் கம்ப்யூட்டர் போய்விடும், கணக்கு நின்றுவிடும், கடைவீதியில் பேச்சும் எழுந்துவிடும்.

இது நம் ஊருக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் பொருந்தும். பௌர்ணமிதோறும் வரும் ஜனக் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி மாத வாடகைக்கு அறை விடுபவர்கள் நம் உறுப்பினர்களிலேயே பலர் உண்டு. வெளிநாட்டார் அறை பார்க்க வந்தால் தண்ணீர் வருமா என்பதற்கு முன்பே வைஃபை உண்டா என்று கேட்கிறார்கள். லாட்ஜ்களில் பாஸ்வேர்டை அட்டையில் எழுதி வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதே இணைப்பில்தான் முதலாளியின் கம்ப்யூட்டரும் கேமராவும் இருக்கின்றன. போன வருடம் தங்கிப் போனவரின் போன் இன்றைக்குத் தெருவில் நடந்தாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

பூட்டு போட்டிருக்கிறோம் என்று சொல்பவர்கள் என்ன பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. வைஃபை பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. லைன் போடும் தம்பி, "ஐயா, எட்டு நம்பர் சொல்லுங்க" என்பார். உடனே ஒன்றிலிருந்து எட்டு வரை சொல்லிவிடுவோம். இல்லாவிட்டால் கடை செல்போன் நம்பர். அந்த நம்பர் கடைப் பெயர்ப்பலகையில் இரண்டடி உயரத்தில் எழுதியிருக்கும்!

நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். இதையும் கணக்காகவே பார்ப்போம். ஒரு போன் வைஃபையில் சேரும்போது போனும் பெட்டியும் சில சங்கேதச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். வெளியில் நிற்பவன் அதைப் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்க முடியும். விளையாட்டுக் கம்ப்யூட்டர்களில் போடும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, ஒரு நொடியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளைப் பொருத்திப் பார்த்துவிடும். எட்டு இலக்க எண்கள் மொத்தமே பத்துக் கோடி. பத்துக் கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் நூறு நொடி. காபி ஆறும் நேரம்கூட இல்லை. செல்போன் எண்கள் 6, 7, 8, 9 என்ற எண்களில் தொடங்குவதால் 400 கோடி. அது நாலாயிரம் நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, வெல்லம், ஏணி, மயில், ரசீது. புழக்கத்தில் உள்ள ஐயாயிரம் சொற்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நான்கை எடுத்ததாக வைத்துக்கொண்டால், எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்து முடிக்க அதே கார்டுக்குச் சுமார் இருபது வருடம் ஆகும். ஐந்தாவதாக ஒரு சொல் சேர்த்தால் ஒரு லட்சம் வருடத்தை நெருங்கும். நினைவில் வைக்கவும் எளிது. சாமி பெயர், பிள்ளைகள் பெயர், ஊர்ப் பெயர், பிறந்த வருடம் ஆகியவை கூடாது, அவற்றைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். நான் எழுதிக்காட்டிய நான்கு சொற்களையே யாரும் வைத்துவிட வேண்டாம்.

புதிய பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக்கூடாது என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. எங்கோ உட்கார்ந்து நெட் வழியாக வரும் திருடனால் நம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் நோட்டைப் படிக்க முடியாது. எழுதி உள்ளே வையுங்கள், பெட்டியின் மேல் ஒட்டாதீர்கள். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் பழைய யோசனை. அடிக்கடி மாற்றச் சொன்னால் எல்லோரும் சுலபமான பாஸ்வேர்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரு குமாஸ்தாவோ கடைப் பையனோ வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே மாற்ற வேண்டும். கிடங்குப் பூட்டை மாற்றுகிறோம் அல்லவா, அதுபோல.

பாஸ்வேர்டு போடும் அதே பக்கத்தில் பூட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். டபிள்யூ.இ.பி. என்பது 1997-ல் வந்தது, 2001-லேயே உடைபட்டது. பழைய பெட்டிகளில் இன்னும் அந்தப் பெயர் இருக்கலாம், தொடவே வேண்டாம். 2004-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 இன்றைக்கும் போதுமானது. பக்கத்தில் ஏ.இ.எஸ்., டி.கே.ஐ.பி. என்று இரண்டு இருந்தால் ஏ.இ.எஸ். என்பதை எடுங்கள். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இன்னும் நல்லது. முன்னே சொன்னபடி செய்தியைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது அதில் நடக்காது, ஒவ்வொரு முறையும் பெட்டியிடமே வந்து கேட்டாக வேண்டும். பழைய பில் மெஷின், பழைய பிரிண்டர் முதலியன 3-ல் சேராமல் தகராறு செய்தால் இரண்டும் கலந்த வகை ஒன்று இருக்கும், அதை வைத்துக்கொள்ளலாம்.

டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதி உண்டு. பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பொத்தானை அழுத்தியோ, எட்டு இலக்கப் பின் நம்பர் கொடுத்தோ சேர்ந்துகொள்ளலாம். இதில் பின் நம்பர் முறையில் 2011 டிசம்பரில் ஓர் ஓட்டை வெளியானது. எட்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, மீதி ஏழு இலக்கத்துக்கு ஒரு கோடி வாய்ப்பு. ஆனால் பெட்டி அதை ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதல் நான்கு சரியா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது, பிறகு அடுத்த மூன்றைப் பார்க்கிறது. ஆகவே பத்தாயிரமும் ஆயிரமும் சேர்ந்து பதினோராயிரம் முறை முயன்றால் போதும். எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்தாலும் இந்த வழி திறந்திருந்தால் பயனில்லை. டபிள்யூ.பி.எஸ். என்று எங்கே கண்டாலும் அணைத்துவிடுங்கள்.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்களே கிடைக்கின்றன. மேக் நம்பர் கொடுத்து நம் போன்களை மட்டும் அனுமதிக்கும் முறையும் இப்போது பயன் குறைந்துவிட்டது. புதிய போன்கள் வைஃபைக்கு வைஃபை தம் மேக் நம்பரை மாற்றிக் காட்டுகின்றன. இவ்விரண்டையும் நம்பிப் பாஸ்வேர்டில் அசட்டையாக இருக்கக் கூடாது.

வாடிக்கையாளருக்கு வைஃபை தரலாமா?

தரவே கூடாது என்று எழுதிவிடுவது சுலபம். வியாபாரம் அப்படி நடப்பதில்லை. தீபத்தின்போதும் பௌர்ணமி கிரிவலத்தின்போதும் லட்சக்கணக்கானோர் கூடுவதால் செல்போன் டவர் திணறுகிறது. வாடிக்கையாளர் பொருளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நெட் எடுக்கல. உங்க வைஃபை போடுங்க, பணத்தை அனுப்பிடறேன்" என்கிறார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் மறுத்தால் பொருள் அலமாரிக்குத் திரும்பிவிடும். பாஸ்வேர்டைச் சொன்னால் அவர் நம் கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் அதே அறைக்குள் வந்துவிடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போனில் என்ன வைரஸ் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

இதற்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. ஒரே பெட்டியிலிருந்து வேறு பெயரில், வேறு பாஸ்வேர்டில் இரண்டாவது வைஃபை ஒன்று கிளம்பும். அதில் சேருபவருக்கு வெளியே நெட் கிடைக்கும், உள்ளே நம் கம்ப்யூட்டரையோ பிரிண்டரையோ அவரால் பார்க்க முடியாது. கடைக்கு வருபவரைத் திண்ணையில் உட்கார வைப்பது போல. வயர்லெஸ் பக்கத்தில் 'கெஸ்ட்' என்று தேடி இயக்குங்கள். உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும், அதற்கு 'இல்லை' என்று வையுங்கள். ஐசொலேஷன் என்று இருந்தால் அதை இயக்குங்கள், அப்போது விருந்தினர் போன்கள் ஒன்றையொன்றும் பார்க்க முடியாது. வேக வரம்பு வைக்க வசதி இருந்தால் குறைத்து வையுங்கள். பணம் அனுப்ப அதிக வேகம் தேவையில்லை, சினிமா பார்க்கத்தான் தேவை. கடை மூடும்போது கெஸ்ட் வைஃபையை அணைத்துவிடுங்கள், அதன் பாஸ்வேர்டை ஒவ்வொரு திருவிழாவுக்குப் பிறகும் மாற்றுங்கள்.

கடைப் பையன்களின் போன்களையும் கெஸ்டில்தான் சேர்க்க வேண்டும். கண்காணிப்புக் கேமராவையும் அங்கே தள்ளலாம், அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதல் வைஃபையில் பில் கம்ப்யூட்டர், முதலாளி போன், பிரிண்டர் இவை மட்டும் இருந்தால் போதும்.

ஆனால் போலீஸ் விவகாரத்துக்குக் கெஸ்ட் நெட்வொர்க் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே போகும் வழி நம் பெயரில் உள்ள அதே இணைப்புதான். பொது இடங்களில் வைஃபை தருபவர்கள் பயன்படுத்துபவரின் அடையாள அட்டை நகலை வாங்க வேண்டும் அல்லது செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியிலேயே இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தினமும் நூற்றுக்கணக்கானோர் வந்து போகும் லாட்ஜ், ஓட்டல், பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் பி.எம்.-வாணி திட்டத்தைக் கவனிக்கலாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மளிகைக் கடையும் டீக்கடையும்கூடப் பொது வைஃபை நிலையமாகலாம், அதற்கு உரிமம் தேவையில்லை, உரிமக் கட்டணமும் இல்லை. பயன்படுத்துபவர் தம் செல்போன் மூலம் பதிவு செய்துகொண்டுதான் உள்ளே வர முடியும். அவரவர் செயலுக்கு அவரவர் பதிவு இருக்கும்.

இரண்டாவது சாவி

2017 ஜூலை இறுதியில் கர்நாடகம் உள்ளிட்ட சில இடங்களில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. சுமார் அறுபதாயிரம் மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அவை தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை. நெட் வழியாக வந்த கெட்ட மென்பொருள் ஒன்று அந்தப் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தது, திறந்துகொண்டது, உள்ளே போய் அமைப்பைக் கலைத்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றும்படி நிறுவனம் எல்லோரையும் கேட்டுக்கொண்டது. யாரும் யார் வீட்டு வாசலுக்கும் வரவில்லை, வைஃபை பாஸ்வேர்டு யாருக்கும் தேவைப்படவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2016-ல், மிராய் என்ற மென்பொருள் உலகம் முழுவதும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதனிடம் இருந்த ஆயுதம் தொழிற்சாலைப் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபத்துச் சொச்சம் கொண்ட ஒரு பட்டியல்தான். அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களைச் சில மணி நேரம் முடக்கினார்கள். அந்தப் படையில் பெரும்பகுதி கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும்தான். கேமராவைக் கணக்குக் கம்ப்யூட்டரோடு ஒன்றாக வைக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான். கேமராப் பெட்டிக்கும் ஒரு அட்மின் பாஸ்வேர்டு உண்டு, பொருத்தியவரிடம் கேட்டு அதையும் மாற்றிவிடுங்கள்.

மோடம் செத்துப் போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். சாகாமல் நம்மை ஏமாற்றினால்தான் பெரிய நஷ்டம். பிரேசில் நாட்டில் 2011, 2012-ல் நாற்பத்தைந்து லட்சம் மோடம்களில் திருடர்கள் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றினார்கள். அதன் பெயர் டி.என்.எஸ். நாம் வங்கியின் பெயரை அடித்தால் அந்த வங்கியின் கம்ப்யூட்டர் எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்லும் விலாசப் புத்தகம் அது. புத்தகத்தை மாற்றிவிட்டால், சரியான பெயரை நாம் அடித்தும் போலி வங்கியின் வாசலில் போய் நிற்போம். கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்காது, ரவுட்டர் விளக்கு பச்சையாகவே எரியும். கம்ப்யூட்டரை எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் அகப்படாது.

சரி, அந்த இரண்டாவது சாவியை மாற்றுவது எப்படி? ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரில் ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபரில் 192.168.29.1. நம் வைஃபையில் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டரிலோ போனிலோ பிரவுசரைத் திறந்து, மேலே விலாசம் அடிக்கும் கட்டத்தில் அந்த எண்ணை அப்படியே அடியுங்கள். கூகுளில் தேடினால் வேறு எங்காவது கொண்டுபோய் விடும். பாதுகாப்பற்ற பக்கம் என்று எச்சரிக்கை வந்தால் இந்த இடத்தில் மட்டும் பயப்பட வேண்டாம், அது நம் பெட்டிக்குள்ளேயே இருக்கும் பக்கம். ஸ்டிக்கரில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் உள்ளே போகலாம். மேனேஜ்மெண்ட், சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஏதாவது ஒரு தலைப்பின்கீழ் பாஸ்வேர்டு மாற்றும் இடம் இருக்கும். வைஃபைக்கு வைத்ததையே இங்கும் வைக்கக் கூடாது. வைத்தால் வைஃபையில் சேருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு சாவியையும் கொடுத்தது போலாகும்.

அங்கேயே இன்னும் மூன்று காரியம் பார்க்க வேண்டும். ரிமோட் மேனேஜ்மெண்ட் என்பது ஊருக்கு வெளியிலிருந்து இந்தப் பக்கத்தைத் திறக்கும் வசதி, அணைத்துவிடுங்கள். பராமரிப்புக்காக நெட் கம்பெனி தனக்கென்று வைத்திருக்கும் வழி வேறு, அதை நாம் தொட வேண்டியதில்லை. யூ.பி.என்.பி. என்பது உள்ளே இருக்கும் கருவி எதுவானாலும் தானாகவே வெளிக்கதவு ஒன்றைத் திறந்துகொள்ள அனுமதிப்பது. கேட்காமல் கதவு திறக்கும் வேலைக்காரரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அதையும் அணையுங்கள். பிறகு கேமராவை வெளியூரிலிருந்து போனில் பார்க்க முடியவில்லை என்றால் பொருத்தியவரிடம் சொல்லி, கம்பெனி செயலி வழியாகப் பார்க்கும்படி அமைத்துக்கொள்ளலாம். டி.என்.எஸ். இருக்கும் கட்டத்தில் கம்பெனி தானாகத் தருவது என்ற அமைப்பு இருக்கிறதா, இல்லை யாரோ கையால் எண் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்களோ உங்கள் ஆளோ போடாத எண் இருந்தால் பெட்டியை ரீசெட் செய்து, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் புதிதாகப் போட்டபின்தான் வங்கிப் பக்கத்தைத் திறக்க வேண்டும். வங்கிப் பக்கத்தில் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அவசரத்தில் மேலே போகும் பொத்தானை அழுத்தினால் பணம் போய்விடும்.

கம்பெனி இலவசமாகத் தந்த பெட்டிகளில் சிலவற்றுக்கு அட்மின் பாஸ்வேர்டை நம்மிடம் தருவதில்லை. "ஐயா, அது கம்பெனி பாஸ்வேர்டு, மாத்தக் கூடாது" என்பார் லைன் தம்பி. அவர் வேலை அவருக்கு, நாற்பது கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால் அவருக்குச் சௌகரியம். வாடிக்கையாளர் மட்டத்தில் ஒரு பாஸ்வேர்டாவது கேட்டு வாங்கி, அதை நீங்களே தட்டச்சு செய்து மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி, கம்பெனி பெட்டிக்குப் பின்னால் ஒயரால் இணைத்து, கம்பெனி பெட்டியின் வைஃபையை அணைக்கச் சொல்லிவிடலாம். மொத்த வியாபாரிகளுக்கு இதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். சொந்த ரவுட்டர் என்றால் அதன் மென்பொருளைப் புதுப்பிக்கும் பொறுப்பும் நம்முடையதே. ஃபர்ம்வேர் அப்டேட் என்ற இடத்தில் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிடலாம்.

கடையில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். நெட் வரவில்லை என்றால் பையன்கள் ஊக்கை எடுத்துப் பின்னால் உள்ள சிறு ஓட்டையில் குத்திவிடுகிறார்கள். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அந்த ஓட்டையில் பத்து நொடி குத்தினால் இத்தனை நேரம் செய்த எல்லா அமைப்பும் அழிந்து, பெட்டி தொழிற்சாலையில் வந்த நிலைக்கே, பழைய பாஸ்வேர்டுக்கே போய்விடும். பெட்டி வாடிக்கையாளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சிக்னல் பற்றிச் சில வார்த்தை

தேரடி வீதியில் வரிசையாகக் கடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். இருபது பேர் மூன்று பாதையில் நடந்தால் இடிக்கத்தான் செய்யும். வேகம் குறைவதற்குக் கம்பெனியைத் திட்டுமுன் சேனலை மாற்றிப் பாருங்கள், இந்த மூன்றைத் தவிர வேறு எண் வேண்டாம். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும், நம் பழைய கட்டடங்களின் தடித்த சுவரில் பின்கட்டுக் கிடங்குக்குப் போய்ச் சேராது. கடைக்குள்ளேயே நின்றால் போதும் என்பவர்களுக்கு அதுவும் ஒரு நன்மைதான், தெருவுக்கும் அதிகம் போகாது. இரும்பு அலமாரிக்குப் பின்னாலும், அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவிலும் ரவுட்டரை வைக்காமல் உயரத்தில் மாட்டுங்கள். பில் கம்ப்யூட்டர் இடம் மாறாதது என்றால் வைஃபையே வேண்டாம், ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். பௌர்ணமிக் கூட்டத்திலும் பில் நிற்காது, தெருவில் நிற்பவன் பிடிப்பதற்கும் ஒன்றும் இருக்காது.

ரவுட்டரின் உள்பக்கத்தில் எத்தனை கருவிகள் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் இருக்கும். அமாவாசையன்று கடைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம். அன்று ஐந்து நிமிடம் அந்தப் பட்டியலையும் பாருங்கள். மூன்று கருவி வைத்திருக்கும் கடையில் ஏழு பெயர் இருந்தால் அன்றைக்கே முதல் சாவியை மாற்ற வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போனது என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, எத்தனை மணி, பரிமாற்ற எண் என்ன என்று கேட்பார்கள். பேசுவதற்கு முன் வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.ஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.